இடது கைக்கு ஒரு மெஷின்

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது பாலிஷ்காரம்மா சமையலறையில் ஒரு வாணலியைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்னுமா தேய்க்கிறாள் என்று கேட்காதீர்கள். நமக்குத்தான் ஒரு வாரம். அவளுக்கு ஒரு ராத்திரிதான் போயிருக்கிறது. வாணலி பளபளவென்று ஆகிவிட்டது, கோபம் மட்டும் குறையவில்லை.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கார் பாலிஷ் ஷெட்டில் இத்தனை வருஷமாக மெஷின் பிடித்தவள் அவள். தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாலிஷ்காரம்மா என்றால்தான் தெரியும். அப்பேர்ப்பட்டவளின் கை, மூன்று நாளைக்கு முன் கணக்கு டீச்சரின் கறுப்புக் காரில் சறுக்கிவிட்டது. வலது தோளில் சுளீரென்று ஒரு வலி. கையிலிருந்த கனத்த மெஷின் ஒரு கணம் ஒரே இடத்தில் நின்று சுற்றியது. அந்த ஒரு கணம் போதும். கதவின் நடுவில் ஓடும் மடிப்புக் கோட்டில் கறுப்பு பெயிண்ட் தீய்ந்து, அடியிலிருந்த சாம்பல் நிறம் பல்லைக் காட்டியது.

டாக்டர் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, வலது கையில் இனிமேல் பாரம் கூடாது என்று சொல்லிவிட்டார். டீச்சரோ ஒன்றுமே சொல்லாமல் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அதோடு போயிற்றா? நேற்று மகன் அடுத்த அறையில் மருமகளிடம் பேசியது இவள் காதில் விழுந்து தொலைத்தது.

"புது மெஷின் ஒண்ணு வாங்கிடலாம். லேசா இருக்கறதா. அம்மா இனிமே கல்லாவில உட்காரட்டும்."

கல்லாவில்! கை ஓய்ந்தவர்கள் உட்காரும் இடம் அது. அங்கே உட்கார்ந்து வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டிருப்பதற்கா இவள் இத்தனை காரைப் பார்த்தாள்? அதற்கு மருமகள் என்ன பதில் சொன்னாள் என்பது காதில் விழவில்லை. விழவில்லை என்றால் தலையை ஆட்டியிருப்பாள் என்று இவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

மற்ற வீடுகளில் மாமியாரும் மருமகளும் உப்புக்கும் காரத்துக்கும் சண்டை போடுவார்கள். இந்த வீட்டில் சண்டையெல்லாம் மெஷினில் ஒட்டும் கம்பளிப் பேடுக்கும் ஸ்பாஞ்ச் பேடுக்கும்தான். வந்த புதிதில் தண்ணீர் அடிக்கும் வேலை மட்டும் பார்த்த மருமகள், கொஞ்சம் கொஞ்சமாக மெஷின் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"அத்தை, நம்ம ரோட்டரி ஒரே சுத்தா சுத்துது, அதான் சூடேறுது. டி.ஏ. மெஷின்னு ஒண்ணு இருக்கு. சுத்திக்கிட்டே ஆடும். பெயிண்ட்டைத் தீய்க்கறது ரொம்ப அபூர்வம்" என்று ஆரம்பிப்பாள்.

"ஆடற மெஷினும் ஆடற மனுஷனும் எனக்கு ஆகாது" என்று அத்தை வாயை அடைத்துவிடுவாள்.

கதவு தீய்ந்த அன்று மருமகள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அது வேறு இவளுக்குக் கோபம்.

காலையில் மகன் வாசல் பக்கம் நின்று குரல் கொடுத்தான். "அம்மா, நாங்க மெஷின் கடைக்குப் போயிட்டு வந்துடறோம். மத்தியானம் கணக்கு டீச்சர் கார் வருது."

பாலிஷ்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மறுபடியும் நம்மகிட்டயா?"

"நான் ஸ்கூலுக்கே போய்ப் பேசினேன். மத்த இடமெல்லாம் பாலிஷ் பண்ணித் தர்றோம், கதவை அப்புறம் பார்த்துக்கலாம்னு சொன்னேன். சரின்னுட்டாங்க." சொல்லிவிட்டுக் குனிந்து செருப்பைத் தேடினான். செருப்பு காலடியிலேயே இருந்தது. சின்ன வயசிலிருந்தே அவன் எதையாவது மறைத்தால் இப்படித்தான், கண்ணெதிரே இருப்பது காணாமல் போகும்.

என்னத்தை மறைக்கிறான் என்று யோசிக்க அவளுக்குப் பொறுமை இல்லை. "நானும் வர்றேன்" என்றாள்.

"எங்க?"

"மெஷின் கடைக்குத்தான். வேற எங்க, சினிமாவுக்கா?"

மகன் திருதிருவென்று விழித்தான். மருமகள் முகம் மலர்ந்தது. "வாங்க அத்தை. நீங்க வந்தாத்தான் நல்லது."

நன்றாகத்தான் நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே பாலிஷ்காரம்மா தலையை வாரிக்கொண்டாள். அவள் ஒன்றும் மெஷின் வாங்கப் போகவில்லை. மருமகள் எதைக் காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லப் போகிறாள்.

மெஷின் கடை நீளமான குகை மாதிரி இருந்தது. உள்ளே போகப் போக ரப்பர் வாசனை. ஒரு மேஜை மேல் பழைய பானெட் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், வாங்குகிறவர்கள் மெஷினை ஓட்டிப் பார்ப்பதற்காக. கடைக்காரர் பேச்சில் கெட்டிக்காரர். மூச்சுவிட இடம் கொடுத்தால்தானே எதிராளி வேண்டாம் என்று சொல்வான் என்ற கட்சி.

"வாங்கம்மா, வாங்க சார். டி.ஏ.ல மூணு இருக்கு. இது பெரிய ஆட்டம் ஆடறது, ஒரே இழுப்புல பாதி பானெட்டை முடிச்சிடும். இது சின்ன ஆட்டம், வளைவுக்கெல்லாம் சொன்னபடி கேக்கும். இது ரெண்டுக்கும் நடுவுல. எது வேணும் சொல்லுங்க, பாக்கெட் பண்ணிடலாம்."

"பாக்கெட் பண்றது இருக்கட்டும், முதல்ல ஓடுதான்னு பார்க்கலாம்" என்று பாலிஷ்காரம்மா முன்னால் வந்தாள். யாரும் தடுப்பதற்குள் பெரிய மெஷினைத் தூக்கிப் பானெட்டின் மேல் வைத்து, பழைய வழக்கப்படி உடம்பின் பாரத்தையெல்லாம் அதன் மேல் இறக்கினாள்.

மெஷின் உறுமியது. கை முழுக்கக் கிடுகிடுவென்று நடுங்கியது. ஆனால் அடியிலிருந்த பேட் சுற்றவே இல்லை. நின்ற இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருந்தது.

"பார்த்தீங்களா?" என்றாள் வெற்றியோடு. "சத்தம்தான் பெரிசு. வேலை ஒண்ணும் காணோம்."

"அழுத்தக் கூடாது அத்தை" என்றாள் மருமகள். "அழுத்தினா சுத்தறது நின்னுடும், ஆட்டம் மட்டும்தான் இருக்கும். அதோட பாரமே அதுக்குப் போதும். நாம சும்மா வழி காட்டினாப் போதும்."

"அழுத்தாம எப்படிம்மா கீறல் போகும்? தடவிக் குடுத்தா போயிடுமா, கைக்குழந்தையா அது?"

கடைக்காரர் சிரித்தார். இவள் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார். வலது தோளில் பழைய வலி எட்டிப் பார்த்தது; அதை முகத்தில் காட்டாமல் மெஷினைக் கீழே வைத்தாள்.

அப்புறம் மருமகள் ஆரம்பித்தாள். அவள் மெஷின் பார்த்த விதம் பாலிஷ்காரம்மாவுக்குப் புரியவே இல்லை. பெரியதை இடது கையில் தூக்கிப் பார்த்தாள், முகம் சுளித்தாள், வைத்துவிட்டாள். இரண்டாவதை இடது கையில் பிடித்து, இடது கட்டைவிரலால் ஸ்விட்சைப் பூட்டும் பொத்தானைத் தேடினாள். பொத்தான் மறுபக்கம் இருந்தது. அதையும் வைத்துவிட்டாள். கடைக்காரருக்கு அதுதான் நன்றாக விற்கும் சரக்கு. அவர் முகம் தொங்கிப்போனது.

"அதுக்கு என்னம்மா குறை? ஊர் பூரா அதைத்தான் வாங்கறாங்க."

"பொத்தான் இந்தப் பக்கம் இல்லையே."

"வலது கையில பிடிங்க, கரெக்டா கட்டைவிரலுக்கு வரும்."

"தெரியும்" என்றாள் மருமகள். அவ்வளவுதான் சொன்னாள்.

மூன்றாவது மெஷினில் ஸ்விட்ச் நடுமுதுகில் இருந்தது, முன்னால் தள்ளினால் ஓடும், பின்னால் இழுத்தால் நிற்கும். எந்தக் கையானாலும் அதற்கு ஒன்றுதான். பக்கவாட்டுக் கைப்பிடியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருகிக்கொள்ளலாம். மருமகள் அதை இடது கையிலேயே வைத்துக்கொண்டு பானெட்டின் மேல் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். ஒரு முறை, இரண்டு முறை இல்லை, பக்கத்தில் வேறு வாடிக்கையாளர் வந்து காத்து நிற்கும்வரை ஓட்டினாள்.

"கை வலிக்கலையே?" என்று மகன் கேட்டான்.

"அதைத்தான் பார்க்கறேன்" என்றாள்.

பாலிஷ்காரம்மா ஒதுங்கி நின்று உதட்டைப் பிதுக்கினாள். மருமகள் சாப்பிடுவது, எழுதுவது, சண்டையில் விரலை நீட்டுவது எல்லாம் வலது கையில். கடைக்கு வந்ததும் இடது கைக்காரி ஆகிவிட்டாளாக்கும். ஸ்டைல்!

"இதுவே போதும். கைப்பிடியை வலது பக்கம் மாட்டிக் குடுத்துடுங்க" என்று மருமகள் முடித்தாள்.

வேண்டாம் என்று சொல்ல வந்தவள் வாயைத் திறந்தாள். அதற்குள் மகன் பேட் அடுக்கியிருந்த பக்கம் போய், ஒரே அளவில் இரண்டே இரண்டு பேடை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு.

பாலிஷ்காரம்மாவுக்கு மெஷின் மறந்தே போனது. "இதென்னடா இது? ரெண்டு?"

"ஒண்ணு கீறல் எடுக்க, ஒண்ணு பளபளப்புக்கு."

"உங்க தாத்தா வீட்டுக் காரா அது, ஒரு பேட்லயே முழுசும் முடிய? பாதி பானெட்டுக்கே பேட் பாலிஷ் பசையும் பெயிண்ட் தூளுமா நெறைஞ்சு பிசுபிசுன்னு ஆயிடும். அப்புறம் அதே தூள் புதுசா கீறல் போடும். சூடு வேற. ஒரு வகையில மூணு பேடாவது இருந்தாத்தான் மாத்தி மாத்திப் போட முடியும். அப்புறம் எல்லாம் இந்த சைஸ்னா, கண்ணாடிக்கு அடியிலயும் பம்பர் மூலையிலயும் யாரு நக்கி எடுக்கறது? நீயா?"

மருமகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். "சொல்லுங்க அத்தை, நான் எடுக்கறேன்."

"மஞ்சள் கறுப்புன்னு நிறத்தைப் பார்த்து எடுக்காதே. ஒரு கம்பெனிக்காரன் மஞ்சள்ல முரடா பண்ணுவான், இன்னொருத்தன் அதே மஞ்சள்ல பஞ்சா பண்ணுவான்." அவள் ஒவ்வொரு பேடாக எடுத்து மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்து உரசிப் பார்த்தாள். அந்த இடத்துத் தோல் பொய் சொல்லாது என்பது அவள் கணக்கு. "இது முரடு, மூணு எடு. இது மெத்துனு இருக்கு, கடைசிக்கு ஆகும், இதுல மூணு. இது…" நடுத்தரமான ஒன்றை இரண்டு முறை உரசினாள். "இது நல்லா இருக்கே. முரடும் இல்ல, வழவழாவும் இல்ல. இதுலயும் எடு. சின்ன சைஸ்ல ஒவ்வொண்ணும் ரெண்டு. அதை ஒட்டறதுக்கு சின்னத் தட்டு வாங்கணும், மறந்துடாதே. பெரிய தட்டுல சின்ன பேடை ஒட்டினா தட்டோட விளிம்பு பெயிண்ட்டைக் கொத்திடும்."

கடைக்காரர் முகம் மறுபடி மலர்ந்தது. பை நிறைந்தது. ஆட்டோவில் ஏறின பிறகுதான் பாலிஷ்காரம்மாவுக்கு உறைத்தது, மெஷினை வேண்டாம் என்று சொல்ல வந்தவள் அதற்கு வேண்டிய அத்தனை பேடையும் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறாள் என்று.

மத்தியானம் கறுப்புக் கார் ஷெட்டுக்குள் வந்து நின்றது. மகன்தான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓட்டி வந்தான். டீச்சர் கடைசி வகுப்பு முடிந்து நடந்து வருவாராம். துடைக்கும் துணி தீர்ந்துவிட்டது என்று சொல்லி அவன் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பாலிஷ்காரம்மா முடிந்தவரை அந்தக் கதவைப் பார்க்காமல் இருந்தாள். ஆனாலும் கண் அங்கேதான் போனது. விரல் நீளத்துக்குச் சாம்பல் கோடு. தன் கை செய்தது. மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக் காருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

மருமகள் காரைக் கழுவித் துடைத்தாள். ரப்பர் ஓரங்களுக்கும் விளிம்புகளுக்கும் டேப் ஒட்டினாள். பானெட்டின் நடுவில் டேப்பால் ஒரு சின்னக் கட்டம் கட்டினாள், முதலில் அங்கே மட்டும் சோதித்துப் பார்க்க. விளக்கை வளைத்துப் பிடித்தபோது வட்ட வட்டமாகக் கீறல்கள் சிலந்தி வலை மாதிரி மின்னின. மெஷினை எடுத்தாள். வைத்தாள். கைப்பிடித் திருகைக் கழற்ற ஆரம்பித்தாள்.

சத்தம் கேட்டுப் பாலிஷ்காரம்மா திரும்பினாள். "என்னம்மா பண்றே? வாங்கின அன்னைக்கே பிரிக்கறியா?"

"கைப்பிடி வலது பக்கம் இருக்கு அத்தை. எனக்கு இடது பக்கம் இருந்தாத்தான் பிடிக்க வருது. இப்போதைக்கு மாத்திக்கறேன்."

"கடையில நீதானே வலது பக்கம் மாட்டச் சொன்னே? இடது கையிலேயே வச்சுக்கிட்டு நின்னே, அந்தக் கடைக்காரன் கண்ணு தெறிக்கற அளவுக்கு!"

மருமகள் திருகிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "அது உங்களுக்காக மாட்டச் சொன்னது."

பாலிஷ்காரம்மா புரியாமல் பார்த்தாள்.

"உங்க வலது கையில பாரம் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னார்? இடது கையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. அதான் இடது கை பாரத்தை வாங்கிக்கிட்டு, வலது கை சும்மா கைப்பிடியில படிஞ்சிருந்தா போதும்கற மாதிரி ஒண்ணு கிடைக்குமான்னு பார்த்தேன். உங்களையே பிடிச்சுப் பார்க்கச் சொன்னா வேண்டாம்னுடுவீங்க, அதுக்குத்தான் வந்திருக்கீங்கன்னு தெரியும். அதனால நானே உங்க கையா நின்னு பார்த்தேன்."

"எனக்கா?" என்றாள். "அவன் என்னைக் கல்லாவில உட்காரச் சொன்னானே. நான் கேட்டேன்."

"அவர் சொன்னது கேட்டீங்கல்ல, நான் சொன்னதையும் கேட்டிருக்கலாம்ல? அத்தையைக் கல்லாவில உட்கார வச்சா வர்ற கஸ்டமர்ல பாதிப் பேரை விரட்டி விட்டுடுவாங்க, நமக்குக் கட்டுப்படியாகாதுன்னு சொன்னேன்." மருமகள் சிரித்தாள், அப்புறம் சிரிப்பை விட்டாள். "எனக்குத் தனியா இந்த வேலை செய்யப் பிடிக்கல அத்தை. உங்களோட சண்டை போட்டுக்கிட்டே செய்யத்தான் பிடிச்சிருக்கு."

பாலிஷ்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று நாள் கோபமும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அதன் இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கழட்டினதைத் திரும்ப மாட்டு" என்றாள். "வலது பக்கம்."

முதலில் எந்த பேட் என்பதிலேயே ஒரு சண்டை. அத்தை முரட்டு பேடைக் கேட்டாள். "மெத்துனு இருக்கறதுல ஆரம்பிங்க. போகலைன்னா அடுத்ததுக்குப் போகலாம். எடுத்த பெயிண்ட்டைத் திரும்ப வைக்க முடியாதில்ல?" என்றாள் மருமகள். பாலிஷ்காரம்மா மெத்தென்ற பேடையே எடுத்து ஒட்டினாள். அந்தக் கடைசி வார்த்தைக்குச் சாட்சி கதவிலேயே எழுதியிருந்தது.

மெஷினை இடது கையில் தூக்கினாள். கை அவளுடையது போலவே இல்லை, யாரோ விருந்தாளியின் கை மாதிரி அசடு வழிந்தது. பேடைக் கட்டத்தில் வைத்து ஸ்விட்சைத் தள்ளினாள். பழக்கம் விடுமா? உடம்பு தானாகச் சாய்ந்தது, தோள் இறங்கியது, அழுத்திவிட்டாள். உறுமல் மட்டும் கேட்டது. பேட் நின்றுவிட்டது.

"நிக்குது! மறுபடியும் நிக்குது! எனக்கு இது வராதும்மா."

"கொஞ்சம் இருங்க." மருமகள் ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து, பேட் ஒட்டும் தட்டின் பக்கத்தில் கறுப்பாக ஒரு கோடு போட்டாள். "இப்போ ஓட்டுங்க. கோடு கண்ணுக்குத் தெரிஞ்சா பேட் நின்னுடுச்சுன்னு அர்த்தம். கோடு கலங்கி மறைஞ்சா சுத்துது. என் பேச்சைக் கேக்க வேண்டாம், கோட்டைக் கேளுங்க."

அது அவளுக்குப் பிடித்தது. மருமகள் சொல்லிக் கேட்பதைவிடக் கோடு சொல்லிக் கேட்பதில் ஒரு கௌரவம் இருக்கத்தான் செய்தது. ஓட்டினாள். கோடு தெரிந்தது, கையைத் தளர்த்தினாள். கோடு மறைந்தது. வளைவில் மறுபடி தெரிந்தது. மெஷினை வளைவோடு சாய்த்தாள். மறைந்தது. மெதுவாக, மிக மெதுவாக, பக்கத்துக்குப் பக்கம், மேலிருந்து கீழ். தோள் முனகவில்லை. துணியால் துடைத்துவிட்டு இரண்டு பேரும் விளக்கில் தலையோடு தலை இடிக்கக் குனிந்து பார்த்தார்கள்.

பாதி வலை போயிருந்தது. பாதி அப்படியே.

"அந்த நடுத்தர பேடைக் குடு" என்றாள் பாலிஷ்காரம்மா. "மணிக்கட்டுல வச்சப்பவே நினைச்சேன்."

நடுத்தர பேட் வேலையைச் சுத்தமாக முடித்தது. கட்டத்துக்குள் விளக்கின் ஒளி ஒரே புள்ளியாக நின்றது. சுற்றி ஒரு இழைகூட இல்லை. முரட்டு பேடுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. டேப்பை உரித்தபோது, இருந்த பெயிண்டுக்கும் இப்போதைய பெயிண்டுக்கும் நடுவில் கோடு கிழித்த மாதிரி வித்தியாசம். பாலிஷ்காரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். கதவு தீய்ந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

பானெட்டின் ஒரு பாதி முடிந்திருந்தபோது மகன் துணிக் கட்டோடு உள்ளே வந்தான். அம்மாவின் கையில் மெஷினைப் பார்த்ததும் அவன் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

"அம்மா! நிறுத்து, நிறுத்து!"

அவள் ஸ்விட்சை இழுத்தாள். "எதுக்குடா கத்தறே? பேய் புகுந்த மாதிரி. வந்து பாரு, எப்படி வந்திருக்குன்னு."

அவன் பானெட்டைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். "டீச்சர் கார் குடுக்க மாட்டேன்னுதான் முதல்ல சொன்னாங்க. நான்தான்… அம்மா இந்தக் காரைத் தொடவே மாட்டாங்க, என் வீட்டுக்காரிதான் பண்ணுவான்னு வாக்கு குடுத்துட்டேன். அதுக்கு அப்புறம்தான் சரின்னாங்க."

செருப்பு காணாமல் போன கதை இதுதான். பாலிஷ்காரம்மா மெஷினை மெதுவாகத் துணி மேல் படுக்க வைத்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. பெற்ற மகன் போய், என் அம்மா தொட மாட்டாள் என்று வெளியாளிடம் உறுதி சொல்லியிருக்கிறான். சொன்னால்தான் கார் வரும் என்ற நிலைமையும் தன்னால்தான். இரண்டும் சேர்ந்து அவளை அழுத்தின.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா?"

"எப்படிம்மா சொல்வேன்? உன் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்றது?"

மருமகள்தான் முதலில் சுதாரித்தாள். "சரி, ஆனது ஆச்சு. வேலை நல்லாத்தானே வந்திருக்கு? நான் பண்ணினதா சொல்லிடறேன். மீதியை நானே பண்ணிடறேன். அத்தை, அடுத்த காரை நீங்க ஆரம்பத்துலேர்ந்து பண்ணுங்க. யாருக்கும் கஷ்டம் இல்ல."

மகன் வேகமாகத் தலையாட்டினான். பாலிஷ்காரம்மா ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மருமகள் கைப்பிடியை இடது பக்கம் மாற்ற ஸ்பானரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் குடையை மடக்கும் சத்தம் கேட்டது.

கணக்கு டீச்சர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். வந்தவர் யாரிடமும் பேசாமல், தேர்வு அறையில் நடப்பது போல் காரைச் சுற்றி நடந்தார். பானெட்டின் முன்னால் வந்ததும் நின்றார். ஒரு பக்கம் புகை படிந்த மாதிரி வெளிறியிருந்தது; மறுபக்கம் அவருடைய முகமும் ஷெட்டின் கூரையும் மேலே எரிந்த விளக்கும் அச்சு அசலாகத் தெரிந்தன. குனிந்தார், சாய்ந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"கார் வாங்கின அன்னைக்குக்கூட இப்படி இல்ல" என்றார். மருமகள் பக்கம் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல கைம்மா உனக்கு."

மருமகள் வாயைத் திறந்தாள். மகன் கண்ணாலேயே அம்மாவைக் கெஞ்சினான்.

பேசாமல் இருந்தால் போதும், அவ்வளவுதான். கார் ஷெட்டில் நிற்கும், மகன் வாக்கு நிற்கும், டீச்சர் நாலு பேரிடம் நல்லதாகச் சொல்வார். பாலிஷ்காரம்மாவுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஆனால் வலி வந்து தீய்த்த கதவுக்குத் தன் பெயர், வலியை வென்று செய்த பானெட்டுக்கு இன்னொருத்தி பெயரா? இதற்கு வாயை மூடிக்கொண்டால், மகன் சொல்ல வேண்டியதே இல்லை, அவளே போய்க் கல்லாவில் உட்கார்ந்துகொண்டதாக ஆகிவிடும்.

"டீச்சர்" என்றாள். "அது என் வேலைங்க."

டீச்சர் மருமகளின் கையை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"நீங்க தொட மாட்டீங்கன்னு உங்க பையன் எனக்கு வாக்கு குடுத்திருக்கார்."

"குடுத்திருக்கான். எனக்கு இப்பத்தான் தெரியும். தெரிஞ்ச உடனே நிறுத்திட்டேன், அதான் மீதிப் பாதி அப்படியே கிடக்கு. அந்தக் கதவைத் தீய்ச்சதும் என் கைதான், இதைப் பண்ணினதும் என் கைதான். அதை மட்டும் என் கணக்குல வச்சுட்டு இதை இந்தப் பொண்ணு கணக்குல போடறதுக்கு எனக்கு மனசு வரல. வேண்டாம்னா சொல்லுங்க, இப்பவே விலகிக்கறேன். மீதியை இவ பண்ணுவா, நல்லாவே பண்ணுவா."

மருமகள் பக்கத்தில் வந்து, தோளோடு தோள் உரச நின்றுகொண்டாள். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

டீச்சர் காரைச் சுற்றிப் போய் அந்தக் கதவின் முன் நின்றார். சாம்பல் கோட்டின் மேல் விரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவினார். திரும்பி வந்து பானெட்டைப் பார்த்தார். பிறகு மூலையிலிருந்த ஸ்டூலைத் தானே இழுத்துக் காரின் முன்னால் போட்டு உட்கார்ந்தார். குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மீதிப் பாதியை நான் பார்க்கப் பண்ணுங்க" என்றார். "நீங்கதான் பண்ணணும். அதுக்கு அப்புறம் அந்தக் கதவைப் பத்தி ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட. உங்க பையன்கிட்ட இல்ல, உங்ககிட்ட."

"என்னங்க டீச்சர்?" என்றான் மகன் பதறிப்போய்.

"முதல்ல பானெட்" என்றார் டீச்சர்.

பாலிஷ்காரம்மா இடது கையை இரண்டு முறை உதறினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மெஷினைத் தூக்கினாள்.

"புது பேட் ஒண்ணு எடும்மா" என்றாள் மருமகளிடம். "இது நெறைஞ்சு போச்சு."